சிறுமிகளுக்கு என்ன புரியும் என்று யார் சொன்னது?

1974 மே மாதம், ஜப்பானின் 'ஷூகான் ஷோஜோ காமிக்' வார இதழில் மோட்டோ ஹாகியோ ஒரு புதிய தொடரைத் தொடங்கினார். 'தோமா நோ ஷின்ஸோ', அதாவது 'தாமஸின் இதயம்' என்பது அதன் பெயர். அந்த மாதம்தான் அவருக்கு 25 வயது நிறைந்தது. முதல் அத்தியாயம் வெளியானதும் வாசகர் கருத்துக் கணிப்பில் இதழின் எல்லாத் தொடர்களுக்கும் கீழே, கடைசி இடத்துக்கு அது போனது. தொடரை முடித்துக்கொள்ளச் சொன்னது ஆசிரியர் குழு. இன்னும் ஒரு மாதம் மட்டும் கொடுங்கள் என்று ஹாகியோ பேரம் பேசினார். கொடுத்தார்கள். அந்த ஒரு மாதத்துக்குள் எல்லாம் மாறியது. தொடர் டிசம்பர் வரை 33 வாரங்கள் ஓடி முழுமையாக முடிந்தது. பெண்கள் வரைந்த ஜப்பானியச் சித்திரக்கதைகளின் வரலாற்றை எழுதுகிற எவரும் இன்று அந்தப் படைப்பைத் தாண்டிப் போக முடியாது.

அந்த ஒரு மாதத்தில் என்ன நடந்தது என்பதற்கு வருவோம். அதற்கு முன், ஒரு படைப்பாளியிடம் 'நிறுத்து' என்று சொல்லும் அதிகாரம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

ஜப்பானில் மங்கா எனப்படும் சித்திரக்கதை பெரும்பாலும் முதலில் இதழில்தான் தொடராக வரும். பிறகே நூலாகும். இதழில் வரையும் ஒவ்வொருவருக்கும் ஒரு பொறுப்பு எடிட்டர் உண்டு. படைப்பாளி முதலில் கட்டம் பிரித்து, வசனம் எழுதி, உருவங்களைக் கோடுகளாக மட்டும் போட்டு ஒரு கரட்டு வரைவு தயாரிப்பார். அதற்கு 'நேமு' என்று பெயர். அதை எடிட்டர் பார்த்துச் சம்மதித்த பிறகே மை தொட்டு வரையலாம். இந்தப் பக்கம் வேண்டாம், இவள் இப்போது அழக் கூடாது, இவன் இன்னும் இரண்டு வாரம் சாகக் கூடாது என்றெல்லாம் முடிவாவது அந்த மேசையில்தான். எடிட்டர் பதிப்பகத்தின் மாதச் சம்பள ஊழியர். படைப்பாளிக்குப் பக்கத்துக்கு இவ்வளவு என்று கூலி. தொடர் நின்றால் ஒருவர் அடுத்த தொடரைப் பார்த்துக்கொள்ளப் போவார். மற்றவருக்கு அடுத்த வாரம் வருமானம் இல்லை.

இந்த மேசையில் எடிட்டரின் கையில் இன்னொரு ஆயுதமும் இருந்தது: வாசகர் அஞ்சலட்டை. இதழோடு வரும் அட்டையில் பிடித்த தொடர்களைக் குறித்து அனுப்புவார்கள். அதை எண்ணி ஒவ்வொரு வாரமும் தரவரிசை போடுவார்கள். 1968இல் தொடங்கிய 'ஷோனென் ஜம்ப்' என்ற சிறுவர் இதழ் இந்த முறையை மிகக் கறாராகக் கடைப்பிடித்தது. 1990களின் நடுவில் அதன் விற்பனை வாரத்துக்கு 65 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. அங்கே எடிட்டர் எவ்வளவு தூரம் உள்ளே வருவார் என்பதற்கு அகிரா டோரியாமாவின் கதை போதும். 'டிராகன் பால்' வரைந்து உலகப் புகழ் பெற்ற அதே டோரியாமாதான். அவருடைய எடிட்டர் கசுஹிகோ டோரிஷிமா நூற்றுக்கணக்கான பக்கங்களை நிராகரித்தவர். 'டாக்டர் ஸ்லம்ப்' கதையில் விஞ்ஞானியை நாயகனாக்கவே டோரியாமா விரும்பினார். அவன் செய்த பெண் இயந்திரம் அராலேதான் நாயகி என்று எடிட்டர் நின்றார். ஒரு பெண்ணை நாயகியாக வைத்து ஒரு குறுங்கதை வரையச் சொன்னார். வாசகர் வாக்கில் அது மேலே வந்தால் தான் சொல்வதைக் கேட்க வேண்டும் என்று பந்தயம் கட்டினார். டோரியாமா தோற்றார். 1980இல் தொடங்கிய தொடரை அராலேதான் தூக்கி நிறுத்தினாள்.

இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் எடிட்டரின் கூர்மையை வியப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. சிறுவர் இதழின் எடிட்டர் ஒரு காலத்தில் சிறுவனாக இருந்தவர். வாசகனின் மனதைப் பற்றி அவர் பேசும்போது தன் நினைவிலிருந்து பேசுகிறார். சிறுமியர் இதழ்களான 'ஷோஜோ' இதழ்களிலும் எடிட்டர்கள் பெரும்பாலும் ஆண்களே. அங்கே சிறுமிகளின் மனது தனக்குத் தெரியும் என்று ஒருகாலத்தில் சிறுமியாக இருந்த ஒருத்தியிடமே ஓர் ஆண் சொல்வார். அவர் சொல்வதுதான் எடுபடும்.

தொடக்கத்தில் மேசையின் இரண்டு பக்கமும் ஆண்களாகவே இருந்தார்கள். ஒசாமு தெசுகா 1953இல் 'ஷோஜோ கிளப்' இதழில் 'ரிபோன் நோ கிஷி'யைத் தொடங்கினார். இளவரசி ஒருத்தி இளவரசனாக வேடமிட்டு வாழும் கதை அது. அவரைத் தொடர்ந்து பல ஆண்கள் சிறுமியர் இதழ்களில் வரைந்தார்கள். சிறுவர் இதழில் இடம் கிடைக்கும்வரை பழகிக்கொள்ளும் இடமாக அதைப் பார்த்தவர்களும் உண்டு. தாயைப் பிரிந்து வாடும் மகள், பாலே ஆடும் ஏழைச் சிறுமி என்று கதைகள் கண்ணீரில் நனைந்திருந்தன. ஓர் ஆணும் பெண்ணும் காதலிப்பது சிறுமிகளுக்கு ஆகாது என்று ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

இந்த உலகத்துக்குள் வந்தவர் ஹிடேகோ மிசுனோ. தெசுகாவிடம் வந்து சேர்ந்திருந்த அவருடைய ஓவியங்களை 'ஷோஜோ கிளப்' எடிட்டர் அகிரா மருயாமா பார்த்தார். பதின்ம வயதிலேயே அவருக்கு வாய்ப்புக் கொடுத்தார். 1958இல் தோக்கியோவின் தோக்கிவா-சோ விடுதியில் மிசுனோ தங்கினார். இளம் மங்கா கலைஞர்கள் கூடி வாழ்ந்ததால் இன்று புனித இடம்போலக் கொண்டாடப்படும் கட்டடம் அது. அங்கே தங்கி வரைந்த ஒரே பெண் அவர்தான். காதலைக் கதைக்குள் கொண்டுவந்தார். 1969இல் 'செவன்டீன்' இதழில் தொடங்கிய 'ஃபையர்!' தொடரில் ஓர் அமெரிக்க ராக் இசைக் கலைஞனையே நாயகனாக்கினார். சிறுமியர் இதழில் சிறுமிதான் மையமாக இருக்க வேண்டும் என்ற விதியை உடைத்த முதல் படைப்புகளில் அது ஒன்று. அதற்கு ஷோகாகுகான் விருதும் கிடைத்தது.

மருயாமாவைப் போன்ற எடிட்டர் இல்லாவிட்டால் மிசுனோவின் தொடக்கம் கடினமாகியிருக்கும். எடிட்டர்கள் எல்லாரும் கதவை மூடியவர்கள் என்று சொல்வது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆனால் கதவைத் திறந்தவர், மூடியவர் இருவரிடமும் சாவி இருந்தது. வரைந்த பெண்ணிடம் இல்லை.

மூடிய கதவு எப்படி இருக்கும் என்பதை ரியோகோ இகேடா நன்றாக அறிவார். மாணவர் போராட்டங்கள் கொழுந்துவிட்ட காலத்தில் பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்றவர் அவர். ஸ்டெஃபான் ஸ்வைக் எழுதிய மரி அந்துவானெத்தின் வாழ்க்கை வரலாற்றைப் படித்த நாளிலிருந்து அந்த அரசியின் கதையை வரைய வேண்டும் என்று நினைத்திருந்தார். சொன்னபோது ஆசிரியர் குழுவுக்கு விருப்பமில்லை. வரலாற்றுக் கதை சிறுமிகளுக்குப் புரியாது, விற்காது என்பது அவர்கள் வாதம். வரவேற்பு இல்லையென்றால் உடனே நிறுத்திக்கொள்ளலாம் என்ற புரிதலோடு 1972இல் 'மார்கரெட்' வார இதழில் 'வெர்சாயின் ரோஜா' தொடங்கியது.

அரசியின் காவல் படைத் தலைவியாக ஆண் உடையில் வளர்ந்த ஆஸ்கர் என்ற பாத்திரம் முதலில் பக்கத் துணைதான். வாசகிகள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். தொடர் அவள் பக்கம் சாய்ந்தது. பிரபுக் குலத்தில் பிறந்தவள் கடைசியில் மக்கள் பக்கம் நின்று பாஸ்டில் சிறைத் தாக்குதலில் சாகிறாள். சிறுமிகளுக்கு வரலாறு புரியாது என்றவர்களின் கண்ணெதிரே ஜப்பான் முழுவதும் பள்ளி மாணவிகள் பிரெஞ்சுப் புரட்சியைப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆனால் ஆஸ்கர் இறந்ததும் ஆசிரியர் குழு மறுபடியும் கணக்குப் போட்டது. அவள் இல்லாமல் இனி யார் படிப்பார்கள் என்று தொடரைச் சீக்கிரம் முடிக்கச் சொன்னது. புரட்சியின் பிந்தைய ஆண்டுகளை விரிவாக வரைய நினைத்திருந்த இகேடா, அரசி கழுத்து வெட்டப்படும் 1793 வரையிலான கதையைச் சில வாரங்களுக்குள் சுருக்க வேண்டியிருந்தது. 1974இல் தகராசுகா பெண்கள் நாடகக் குழு அதை மேடையேற்றியது. இன்றும் மேடையேறுகிறது.

இகேடா பின்னாளில் பேட்டிகளில் சொன்ன இன்னொரு விஷயமும் இங்கே பதிவாக வேண்டும். ஒரே அளவு புகழுள்ள ஆணுக்குக் கொடுத்ததில் பாதிதான் பெண்ணுக்குப் பக்கக் கூலியாகக் கிடைத்தது. ஏன் என்று அவர் கேட்டார். ஆண் நாளைக்குக் குடும்பத்தைக் காப்பாற்ற வேண்டியவன், பெண்ணைக் கணவன் காப்பாற்றுவான் என்ற பொருளில் பதில் வந்தது. இது ஒரு பதிப்பகத்தின் தனிக் குணம் அல்ல. திருமணமானதும் பெண் வேலையை விட்டுப் போக வேண்டும் என்ற நிறுவன விதி செல்லாது என்று தோக்கியோ மாவட்ட நீதிமன்றம் சொன்னதே 1966இல்தான். சம வேலைவாய்ப்புச் சட்டம் 1985இல் நிறைவேறி அடுத்த ஆண்டு நடைமுறைக்கு வந்தது. பெரிய பதிப்பகத்தின் எடிட்டர் நாற்காலியில் ஏன் பெண் இல்லை என்ற கேள்விக்கும், வரைபவளுக்கு ஏன் பாதிக் கூலி என்ற கேள்விக்கும் விடை ஒன்றே. பெண்ணின் உழைப்பு திருமணம்வரை செய்கிற தற்காலிக வேலையாகவே பார்க்கப்பட்டது.

இனி ஹாகியோவுக்குத் திரும்புவோம். 1969இல் கோதான்ஷா பதிப்பகத்தின் 'நகயோஷி' இதழில் அவருடைய முதல் கதை வந்தது. அதற்குப் பிறகு அவர் கொடுத்த கதைகள் வரிசையாகத் திரும்பி வந்தன. இருட்டாக இருக்கிறது, சிறுமிகளுக்கு ஏற்றதல்ல என்று சொன்னார்கள். அவருடைய சக கலைஞர் கெய்கோ தகேமியா, ஷோகாகுகான் பதிப்பகத்தில் எடிட்டராக இருந்த ஜுன்யா யமாமோட்டோவுக்கு அவரை அறிமுகம் செய்துவைத்தார். 1970இல் 'பெஸ்ஸாட்சு ஷோஜோ காமிக்' என்ற மாத இதழைத் தொடங்கியிருந்த யமாமோட்டோ, வேறிடத்தில் திருப்பி அனுப்பப்பட்ட அதே கதைகளை வாங்கி வெளியிட்டார். 'போ குலம்' என்ற தொடர் 1972இல் அந்த இதழில்தான் ஆரம்பித்தது. என்றும் பதின்மூன்று, பதினான்கு வயதிலேயே நின்றுபோன இரத்தக் காட்டேரிச் சிறுவர்களின் கதை அது.

'தாமஸின் இதயம்' கடைசி இடத்துக்குப் போன அடுத்த மாதம், அதாவது 1974 ஜூனில், 'போ குலம்' முதல் தொகுதி நூலாக வந்தது. அச்சிட்ட 30,000 பிரதிகளும் மூன்றே நாளில் தீர்ந்தன. தொலைக்காட்சித் தொடராக வந்து புகழ்பெறாத ஒரு சிறுமியர் மங்காவுக்கு அதுவரை காணாத விற்பனை அது. ஹாகியோவின் தொடரை நிறுத்தச் சொன்னவர்கள் அதன்பிறகு நிறுத்தச் சொல்லவில்லை.

இந்த வரலாற்றின் மையக் கேள்வி இங்கேதான் இருக்கிறது. மே மாதத்தில் ஹாகியோவை நிராகரித்ததும் வாசகிகள், ஜூன் மாதத்தில் வாரி எடுத்ததும் வாசகிகள். ஒரு மாதத்தில் ரசனை மாறிவிடவில்லை. எண்ணிய முறை வேறு. அஞ்சலட்டை அந்த வாரத்தின் அந்த அத்தியாயத்தை எண்ணியது. கதை முடியும்வரை காத்திருந்து முடிவு செய்கிறவளை அது எண்ணவில்லை. ஒரு படைப்பை மறுபடியும் படிக்க வேண்டும் என்று பணத்தைச் சேர்த்து வைத்து நூல் வாங்கியவளை அந்த ஜூன் மாதம்தான் முதல் முறையாகக் கணக்கில் கொண்டுவந்தது. 'வாசகிகள் இதை விரும்ப மாட்டார்கள்' என்ற வாக்கியத்தை எடிட்டர் உச்சரிக்கும்போதெல்லாம், எந்த வாசகி, எப்படி எண்ணப்பட்டவள் என்று கேட்கும் உரிமை படைப்பாளிக்கு இருந்திருக்க வேண்டும். ஹாகியோ ஒரு மாத அவகாசமாக அதைக் கேட்டு வாங்கினார்.

தகேமியா வேறு வழியில் போராடினார். பிரெஞ்சு விடுதிப் பள்ளி ஒன்றில் இரண்டு மாணவர்களுக்கிடையே வளரும் நேசம், அவர்களில் ஒருவன் வீட்டில் பெரியவரிடம் அனுபவித்த வன்முறை ஆகியவற்றைச் சொல்லும் 'கஸெ தோ கி நோ உதா' என்ற கதை 1970இலேயே அவர் மனதில் உருவாகிவிட்டது. 'காற்றும் மரங்களும் பாடும் பாட்டு' என்று பொருள். எந்த எடிட்டரும் அதை அப்படியே ஏற்கவில்லை. மாற்றிக் கொடுக்க அவர் சம்மதிக்கவில்லை. பெயர் இருந்தால்தான் பேச முடியும் என்று புரிந்துகொண்டவர், வாசகர் வாக்கில் மேலே ஏறுவதற்கென்றே 1974இல் 'ஃபாரோவின் கல்லறை' என்ற பண்டைய எகிப்து சாகசத் தொடரைத் திட்டமிட்டு வரைந்தார். நாடிழந்த இளவரசன், பழிவாங்கல் என்று மக்களுக்குப் பிடித்த எல்லாம் அதில் இருந்தன. அந்தப் புகழைக் கையில் வைத்துக்கொண்டு 1976இல் தன் கதையை வெளியிடவைத்தார். அது 1984இல் முடிந்தது. மனதில் தோன்றிய ஒரு கதையை அச்சில் பார்க்க ஆறு ஆண்டுகள். அவற்றில் இரண்டு ஆண்டு, அனுமதி வாங்குவதற்காக வரைந்த வேறொரு தொடருக்குப் போனது. பின்னாளில் அவர் கியோத்தோ செய்கா பல்கலைக்கழகத்தின் தலைவரானார்.

இந்தக் கதையில் எடிட்டர் என்று யாரும் அழைக்காத ஒரு பெண்ணும் இருக்கிறார். பெயர் நோரியே மசுயாமா. 1970களின் தொடக்கத்தில் தோக்கியோவின் ஓஇசுமி பகுதியில், மசுயாமாவின் வீட்டுக்கு அருகே, தகேமியாவும் ஹாகியோவும் ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கினார்கள். இளம் பெண் கலைஞர்கள் அங்கே வந்து போனார்கள். மசுயாமா பியானோ பயின்றவர். தானாக மங்கா வரையவில்லை. ஹெர்மன் ஹெஸ்ஸேயின் நாவல்களையும் ஐரோப்பியத் திரைப்படங்களையும் அவர்களுக்கு அறிமுகம் செய்தார். சிறுமியர் மங்கா இலக்கியத்துக்கு நிகராக வளர வேண்டும் என்று ஓயாமல் வாதாடினார். தகேமியாவின் கதைகளைப் பேசிப் பேசிச் செதுக்கினார். பின்னர் பல ஆண்டுகள் அவருக்குத் தயாரிப்பாளர் போலவே உடன் உழைத்தார். 'கஸெ தோ கி நோ உதா'வின் தொடர்ச்சியை நோரிஸு ஹாஸே என்ற புனைபெயரில் நாவலாகவும் எழுதினார். கரட்டு வரைவைப் படிப்பது, கதையின் போக்கை வாதிப்பது, படைப்பாளிக்கு எதைப் படிக்க வேண்டும் என்று சொல்வது என்று எடிட்டர் செய்கிற வேலை அத்தனையும் அவர் செய்தார். ஆனால் அவர் எந்த இதழின் ஆசிரியர் குழுவிலும் இல்லை. அவரிடம் இருந்தது வாசிப்பும் நட்பும் மட்டுமே.

இதைப் பெண்களின் ஒற்றுமைக் கதையாக மட்டும் அலங்கரித்துவிட வேண்டாம். அந்த வீடு 1973இல் கலைந்தது. தகேமியாவுக்கும் ஹாகியோவுக்கும் இடையே விழுந்த விரிசல் ஆறவில்லை. அந்த நாட்களை இனிய நினைவாக்கிக் கொண்டாடும் அழைப்புகள் பெருகியபோது, 2021இல் ஹாகியோ ஒரு நூல் எழுதித் தன் வலியைச் சொன்னார். ஒரே இதழின் குறைந்த பக்கங்களுக்காக, ஒரே தரவரிசைக்காகப் போட்டியிட வைக்கப்பட்ட பெண்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்தார்கள் என்பதை மறந்தால் அந்த வலியும் நமக்குப் புரியாது.

அந்தத் தலைமுறை வென்ற பிறகும் மேசை அகற்றப்படவில்லை. 1991 டிசம்பரில் நவோகோ டகேயுச்சி 'நகயோஷி'யில் 'செய்லர் மூன்' தொடங்கினார். போரிடும் பெண்களைப் பற்றி அவர் யோசித்திருந்தார். அவர்களுக்குப் பள்ளி மாணவிகளின் மாலுமிச் சீருடையை அணிவிக்கச் சொன்னது அவருடைய எடிட்டர் ஃபுமியோ ஒசானோ. உலகமெங்கும் சிறுமிகளின் வலிமைக்கு அடையாளமான அந்த உடை, ஓர் ஆணின் யோசனை. முதல் பாகத்தின் முடிவில் எல்லா நாயகிகளும் இறந்துபோக வேண்டும் என்று டகேயுச்சி நினைத்தார். இது சிறுமிகளுக்கான கதை என்று எடிட்டர் தடுத்தார். உடை யோசனை தொடருக்கு முகம் கொடுத்தது. அவர்கள் பிழைத்ததால்தான் தொடர் 1997 வரை நீண்டது என்றும் வாதிடலாம். ஆனாலும் அந்தத் தடையின் சொற்களைக் கவனியுங்கள். இருபது ஆண்டுக்கு முன் இகேடாவிடம் சொன்னதும் ஹாகியோவிடம் சொன்னதும் அதே காரணம்தான்: சிறுமிகள்.

நீண்ட தொடர் எதுவும் ஒரே கையால் உருவாவதில்லை. வாரா வாரம் பக்கம் கொடுக்கிற உழைப்பில் இன்னொரு கண் தேவைப்படும். நல்ல எடிட்டர் கதையைக் காப்பாற்றுவார், படைப்பாளியையும் காப்பாற்றுவார். யமாமோட்டோ அப்படி ஒருவர். அவரும் ஆண்தான். அவரை வேறுபடுத்தியது என்னவென்றால், சிறுமிகளுக்கு எது புரியும் என்று தனக்குத் தெரியும் என அவர் உரிமை கொண்டாடவில்லை. அதைத் தெரிந்தவரிடம் பக்கங்களைக் கொடுத்துவிட்டு ஒதுங்கினார். எடிட்டரின் தலையீடு எவ்வளவு என்று அளப்பதைவிட, எந்த அதிகாரத்தின் பேரில் அது நடந்தது என்று கேட்பது பயனுள்ளது. கதையின் ஓட்டம் தெரிந்தவராகப் பேசினாரா, அல்லது அந்த அறையில் இல்லாத ஒரு சிறுமியின் சார்பில் பேசினாரா?

2019இல் ஜப்பானிய அரசு ஹாகியோவைப் பண்பாட்டுச் சாதனையாளராக அறிவித்தது. ஒரு வாரத்து அஞ்சலட்டைகளை மட்டும் நம்பியிருந்தால் 'தாமஸின் இதயம்' ஐந்தாறு வாரங்களில் முடிந்த தோல்வியாகப் பதிவாகியிருக்கும். அப்படி முடிக்கப்பட்டு நம் கைக்கு வராமலே போன தொடர்கள் எத்தனையோ இருக்கும். அவற்றை வரைந்த பெண்களிடமும் வாசகிகள் விரும்பவில்லை என்றே சொல்லியிருப்பார்கள். அவர்களுக்குக் கேட்டு வாங்க இன்னும் ஒரு மாதம் கிடைக்கவில்லை.